கைநாட்டைக் கணக்காக்கிய இருவர்

மாணவர்களே, பன்னிரண்டு வயதில் தேசியப் பதிவுத் துறை அலுவலகத்தில் மைகார்டு எடுத்தது நினைவிருக்கிறதா? அப்போது உங்கள் இரு கட்டைவிரல்களையும் கருவியின் மேல் வைக்கச் சொல்லியிருப்பார்கள். 2001-இல் அறிமுகமான மைகார்டின் சில்லில் அந்த ரேகைகளின் விவரம் பதிந்திருக்கிறது.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகளில் பலர் கைநாட்டு வைத்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று கேலி செய்கிறோம். ஆனால், ஒருவரின் கையெழுத்தை இன்னொருவர் போட்டுப் பழகிவிடலாம். ஒருவரின் ரேகை இன்னொருவர் விரலில் இருக்காது.

ரேகை எப்படி உருவாகிறது?

விரல் நுனியின் தோலில் உள்ள நுண்ணிய மேடுகளே ரேகை. நாம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே இவை உருவாகிவிடுகின்றன. உருவம் ஒத்த இரட்டையருக்கும் ரேகை ஒன்றாக இருப்பதில்லை. ரேகையின் அமைப்பு உட்தோலில் வேரூன்றி இருப்பதால், மேல்தோல் தேய்ந்தாலும் அதே அமைப்பு மீண்டும் வளர்கிறது. பல ஆண்டுகள் கடின வேலை செய்தவர்களின் விரலைக் கருவி சில வேளை படிக்க மறுப்பதற்கு இந்தத் தேய்மானமே காரணம்.

ரேகையில் மூன்று முக்கிய வகைகள் உண்டு: வில் போன்ற வளைவு, ஒரு பக்கம் நுழைந்து அதே பக்கம் திரும்பும் கண்ணி, வட்டமாகச் சுற்றும் சுழி. இவற்றுள் கண்ணியே அதிகம். வளைவு மிகக் குறைவு. உயிரியல் பாடத்தில் தொடர்ச்சியற்ற மாறுபாட்டுக்கு எடுத்துக்காட்டாக இதைப் படிப்பீர்கள்.

ஓர் இலட்சம் அட்டைகளில் எப்படித் தேடுவது?

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ரேகை ஆளுக்கு ஆள் மாறும் என்பது அறிஞர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் காவல்துறைக்கு ஒரு சிக்கல் இருந்தது. பிடிபட்டவரின் ரேகை அட்டையைச் சேமிப்பில் உள்ள ஓர் இலட்சம் அட்டைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட முடியுமா?

வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ், கல்கத்தாவில் பணியாற்றிய அஸிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவர் இதற்கு வழி கண்டனர். ஹக் கணிதம் படித்தவர். பத்து விரல்களை ஐந்து இணைகளாகப் பிரித்து 16, 8, 4, 2, 1 என மதிப்புக் கொடுத்தார்கள். வலக் கட்டைவிரல் 1, வலச் சுண்டுவிரல் 5, இடக் கட்டைவிரல் 6, இடச் சுண்டுவிரல் 10 என்பது வரிசை. சுழி இருந்தால் மட்டுமே அந்த விரலுக்கு மதிப்பு.

இரட்டைப்படை விரல்களின் மதிப்பைக் கூட்டி 1 சேர்த்தால் பின்னத்தின் மேலெண். ஒற்றைப்படை விரல்களுக்கும் அவ்வாறே செய்தால் கீழெண். எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு வலக் கட்டைவிரலிலும் வல மோதிரவிரலிலும் மட்டும் சுழி இருக்கிறது. மோதிரவிரல் 4-ஆவது, அதன் மதிப்பு 8. ஆகவே மேலெண் 8 + 1 = 9. கட்டைவிரலின் மதிப்பு 16. ஆகவே கீழெண் 16 + 1 = 17. அவருடைய அட்டை 9/17 என்ற அறைக்குப் போகும்.

ஒவ்வொரு விரலுக்கும் 'சுழி உண்டு', 'இல்லை' என இரண்டே வாய்ப்புகள். பத்து விரல்களுக்கு 2-இன் 10-ஆம் அடுக்கு, அதாவது 1,024 அறைகள். ஓர் இலட்சம் அட்டைகள் இருந்தாலும் சராசரியாக ஓர் அறைக்கு நூறுகூட வராது. அட்டைகள் மிகுந்த அறைகளை மேலும் பிரித்துக்கொண்டார்கள்.

1897-இல் கல்கத்தாவில் உலகின் முதல் ரேகைப் பிரிவு அமைந்தது. அதே ஆண்டு ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட நிர்வாகி கொல்லப்பட்டார். அங்கிருந்த பஞ்சாங்கத்தில் இரத்தம் படிந்த ரேகை ஒன்று கிடைத்தது. முன்பு திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை சென்ற ஒருவரின் பதிவோடு அது பொருந்தியது. 1898-இல் நீதிமன்றம் அவரைத் திருட்டுக்காக மட்டும் தண்டித்தது. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ரேகை, ஒருவர் அந்தப் பொருளைத் தொட்டார் என்பதைக் காட்டும். கொலை செய்தவர் அவர்தானா என்பதைத் தனியாக நிறுவ வேண்டும். அறிவியல் சான்றின் எல்லையை இந்த வழக்கு நமக்குக் காட்டுகிறது.

பெயர் யாருக்கு?

1901-இல் ஹென்றி இலண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்று அங்கும் இம்முறையைத் தொடங்கினார். கணினி வரும்வரை பல நாட்டுக் காவல்துறைகள் பயன்படுத்திய இம்முறைக்கு 'ஹென்றி முறை' என்றே பெயர் நிலைத்தது. ஹக், போஸ் பெயர்களை உலகம் அறியவில்லை. முறையை உருவாக்கியதில் தம் பணியாளர்களுள் ஹக்கின் பங்கே மிகப் பெரியது என்று ஹென்றி 1926-இல் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். பல்லாண்டுகள் கழித்துப் பிரிட்டனின் ரேகை வல்லுநர் சங்கம் இருவர் பெயரிலும் ஓர் ஆய்வுப் பரிசை ஏற்படுத்தியது.

உங்கள் பள்ளியின் அறிவியல் செயல்திட்டத்தில் நால்வர் உழைத்தால் நால்வர் பெயரையும் எழுதுங்கள். கணக்குப் போட்டவரை விட்டுவிட்டுக் குழுத் தலைவர் பெயரை மட்டும் எழுதுவது, முடிவைத் திருத்தி எழுதுவதற்கு நிகரான பிழை.

செய்து பார்ப்போம்

தாளில் பென்சிலால் அழுத்தித் தேய்த்து, அந்தக் கரியில் விரலைத் தடவுங்கள். விரல் மேல் ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டிப் பிரித்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். பத்து விரல்களுக்கும் இப்படிச் செய்து, சுழி உள்ளவற்றைக் குறித்து, உங்கள் பின்னத்தைக் கண்டுபிடியுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களின் பின்னத்தையும் கணக்கிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு விரலிலும் சுழி இல்லாதவரின் பின்னம் என்ன? பத்திலும் சுழி உள்ளவருடையது என்ன?

விடை: 1/1, 32/32.