பாறையேற்றத்தில் பாதம்

நெல்வயலும் வாய்க்காலுமாய்ச் சமதளமாகக் கிடக்கும் மன்னார்குடியில் கோயில் கல்லைத் தவிர வேறு கல்லைக் காண்பதரிது. இங்கிருந்து ஒருவன் பாறையேற்றம் பற்றி எழுதினால் நண்பர்கள் நகைக்கக்கூடும். பட்டறிந்ததால் எழுதுகிறேன்.

ஆயுத பூசை விடுமுறையில் ஹம்பிக்குச் சென்றிருந்தேன். துங்கபத்திரையின் வடகரையில், ஆனெகுந்திப் பக்கம், கருங்கற்பாறைகள் குவிந்து கிடக்கின்றன. கயிறின்றி, கீழே மெத்தை விரித்து, உயரம் குறைந்த பாறைகளில் ஏறுவதைப் ‘போல்டரிங்’ என்பர். 1950களில் இதற்குப் புதுநெறி வகுத்த அமெரிக்கரான ஜான் கில், பின்னர் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது.

நானோ கைவலிமையை நம்பி ஏறினேன். முன்கை மரத்தது, கால் வழுக்கியது, மெத்தையின் ஓரத்தில் விழுந்து கணுக்கால் பிசகியது. தாளடி நடவுக்கு வயலில் இறங்க முடியவில்லை. "ஈர வரப்புல வழுக்காம நடக்கிறவன், காஞ்ச பாறையிலயா வழுக்குனே?" என்றார் அப்பா. அக்கேள்வியே எனக்குப் பாடமாயிற்று.

வரப்பில் நாம் பார்த்து அடி வைக்கிறோம். கட்டைவிரலை ஊன்றிய பிறகே உடற்பாரத்தை மாற்றுகிறோம். பாறையிலும் அவ்வாறே. கால் பதியும்வரை கண் அவ்விடத்தைவிட்டு அகலலாகாது. நடுப்பாதத்தை வைக்காமல் விரல்நுனியை வைத்தால்தான் பாதத்தைத் திருப்பவும் குதிகாலை உயர்த்தி எட்டவும் இயலும்.

சாய்வான பாறையில் பிடிப்பைத் தருவது உராய்வு. அது செங்குத்து எதிர்விசைக்கு நேர்விகிதத்தில் அமைவதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். அச்சத்தால் பாறையைத் தழுவினால் பாதத்தின் அழுத்தம் குறைந்து கால் வழுக்கும். நிமிர்ந்து, குதிகாலைத் தாழ்த்தி, பாதத்தின்மேல் நிற்க வேண்டும்.

நம்மை நோக்கிக் கவிந்த பாறையில் முறை மாறுகிறது. இடுப்பு பாறையை ஒட்டியிருக்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பி, சுண்டுவிரல் பக்க விளிம்பை ஊன்றி, முழங்காலை உட்புறம் மடக்கினால் இடுப்பு தானே நெருங்கும். கை நீண்டபடியே இளைப்பாறும். விரல்நுனியால் பாறையை நம் பக்கம் இழுக்கவும் வேண்டும்; இன்றேல் கால் விடுபட்டு ஊசலாடும். ஊன்ற இடமில்லாத காலைப் பக்கவாட்டில் நீட்டினால் உடல் சுழலாது. உயரே விளிம்பிருந்தால் குதிகாலை அதில் மாட்டி உடலை உயர்த்தலாம்.

கணுக்கால் குணமானபின், பொங்கல் விடுமுறையில் அதே பாறைக்குச் சென்றேன். மூன்று முறை விழுந்தேன். நான்காம் முறை உச்சியில் அமர்ந்தேன். கைகளில் வலுவேதும் கூடியிருக்கவில்லை. கால்களை நம்பக் கற்றிருந்தேன், அவ்வளவே.

நண்பர்களே, எட்டும் இடத்தை நோக்குமுன் ஊன்றும் இடத்தை நோக்குவோம்.