மரச்சோலையும் உயிர்களின் உறையுளும்

மரங்களை இனம்பற்றி வகுத்து வளர்த்துப் பொதுமக்கள் கண்டு கற்குமாறு அமைத்த சோலையை மரக்காட்சிச்சாலை என்பர். பூங்கா கண்ணுக்கு இன்பம் தருவது. காட்சிச்சாலையோ அவ்வின்பத்தோடு அறிவையும் பயப்பது. ஆயினும் மரத்தைக் கண்டு, அதனை வீடாகக் கொண்ட உயிர்களைக் காணாது போவோமாயின் நம் கல்வி பாதிக் கல்வியேயாம். இவ்வுண்மையை இரண்டிடங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது உதகமண்டலம். ஆங்குள்ள அரசினர் தாவரவியல் பூங்கா 1848-ஆம் ஆண்டில் மக்கைவர் என்பவரால் அமைக்கப்பெற்றது. கீழ்த்தோட்டம், புதுத்தோட்டம், இத்தாலியத் தோட்டம், கண்ணாடிமனை எனப் பல பகுதிகளாக அஃது வகுக்கப்பட்டுள்ளது. அதே நகரில் ஏரியையடுத்து 1992-ல் ஒரு மரப்பூங்கா நிறுவப்பெற்றது. அதன் பரப்பு 1.58 ஹெக்டேரே. எனினும் ஏரிக்கு நீரூட்டும் நிலத்தில் அமைந்தமையால், நாட்டு மரங்களைக் காப்பதோடு, உள்ளூர்ப் பறவைக்கும் வலசை வரும் பறவைக்கும் அது புகலிடமாயிற்று. சோலையின் சிறப்பு பரப்பில் இல்லை என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது நம் திருப்பூரையடுத்த நஞ்சராயன் குளம். சுமார் 126 ஹெக்டேர் பரப்புள்ள இக்குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பெற்றது. 191 வகைப் பறவைகளும் 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும் ஈண்டுக் காணப்பட்டுள்ளன. இவை யாவும் ஓரிடத்தில் எங்ஙனம் வாழ்கின்றன? தோட்டக்காரன் பாத்தி வகுப்பதுபோல இயற்கையும் இடம் வகுத்துள்ளது. ஆழ்ந்த நீர் முக்குளிப்பானுக்கு உரியது. ஆழமற்ற நீரில் நாரை நின்று மீன் தேடும். ஈரச்சேற்றில் உள்ளான் புழுவை அகழும். கோரையுள் தாழைக்கோழி மறையும். கரைமரத்தில் கொக்கு அடையும். ஒன்றன் இடம் மற்றொன்றுக்குப் பயன்படாது.

இதனை மறந்து, குளத்தை அழகுசெய்வதாக எண்ணி, சேற்றுவிளிம்பைக் கல்லால் கட்டி நடைபாதை அமைத்தால் யாது நிகழும்? கரை காட்சிக்கு இனிதாகும். உள்ளானோ உணவிழந்து அகலும். வெற்றிடமெங்கும் மரம் நடுதலும் அத்தகையதே. மரம் நடுதல் நல்லறமே. எனினும் இடமறியாது செய்த அறம் பிழையாய் முடிதலும் உண்டு.

நீரின் தூய்மையும் மறக்கற்பாலதன்று. பின்னலாடைத் தொழில் இந்நாட்டாரில் பல்லாயிரவர்க்குச் சோறளிப்பது. அத்தொழிலின் சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்தமையால், 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பின்னர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து, வெளியே விடாது, மீண்டும் பயன்கொள்ளும் முறையோடு பட்டறைகள் இயங்கலாயின. தொழிலும் ஆறும் ஒருங்கு வாழ வழியுண்டு என்பதற்கு அம்முயற்சியே சான்று.

ஆதலின் மாணவ நண்பர்களே, நும் ஊரில் சோலை ஒன்று அமைக்க நேரின், வேம்பும் புங்கும் ஆலும் வாகையும் கலந்து நடுமின். சிறிது புதரை வெட்டாது விடுமின். தாழ்ந்த நிலத்தில் மழைநீர் தேங்க இடம் கொடுமின். நடுமுன் ஓராண்டு அவ்விடத்தை நோக்கி, ஆங்கு ஏற்கெனவே குடியிருப்போர் யாவர் என்று குறித்துக்கொள்ளுமின். சோலை அமைப்போன் கற்க வேண்டிய முதற்பாடம் அதுவே.