செகண்ட் ஹேண்ட் ஃபோல்டிங் இ-சைக்கிளா? மல்டிமீட்டரோட போங்க

ஹாஸ்டல்ல இருந்து ஸ்டேஷன், ஸ்டேஷன்ல இருந்து இன்டர்ன்ஷிப் கம்பெனி. இந்த ரெண்டு துண்டு தூரத்துக்கும் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்துக் கொடுத்துச் சலித்தவர்கள்தான் கடைசியில் ஃபோல்டிங் இ-சைக்கிள் தேடுகிறார்கள். புதுசு விலையைப் பார்த்ததும் செகண்ட் ஹேண்டுக்கு இறங்குகிறார்கள். தப்பே இல்லை. ஆனால் நீங்க கொடுக்கும் காசில் பெரும்பங்கு பேட்டரிக்குத்தான். செயின், பிரேக், டயர் எல்லாம் தெருமுனை சைக்கிள் கடையிலேயே சரியாகிவிடும். பேட்டரி செத்திருந்தால் இன்னொரு பெரிய செலவு காத்திருக்கிறது.

விற்பவர் ஸ்விட்சைப் போட்டு, டிஸ்ப்ளேயில் எல்லாக் கோடும் எரிவதைக் காட்டுவார். விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் அந்தக் கோடுகள் வோல்ட்டேஜை மட்டும்தான் காட்டும். "ரெண்டு கோடு இருக்கும்போதே மேம்பாலத்துல நின்னுடுச்சு, இறக்கத்துல மறுபடி ஓடுது" என்று யாராவது புலம்பிக் கேட்டிருப்பீங்க. அது ஏன் என்று புரிந்தால் பேட்டரியைச் சோதிக்கும் வழியும் புரிந்துவிடும்.

36 வோல்ட் பேக் என்றால் உள்ளே பத்து லித்தியம் அயான் செல் வரிசைகள் தொடர் இணைப்பில் இருக்கும். ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், மொத்தம் 42. பாதி சார்ஜில் பேக் சுமார் 36.5 வோல்ட்டில் நிற்கும். சுமார் 31 வோல்ட்டுக்குக் கீழே போனால் கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடும். இப்போ ஓம் விதியைப் போடுங்க. நல்ல பேக்கின் உள் மின்தடை 0.2 ஓம், பாலம் ஏற மோட்டார் 15 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். 3 வோல்ட் இறங்கும், 36.5 இருந்தது 33.5 ஆகும், வண்டி ஏறிவிடும். வயதான பேக்கில் தடை 0.4 ஓம் என்றால் 6 வோல்ட் இறங்கி 30.5 ஆகும். கட்! பாலத்தை விட்டு இறங்கியதும் மின்னோட்டம் குறையும், வோல்ட்டேஜ் எழும், கோடும் திரும்ப வரும். முதல் செமஸ்டர் பாடம்தான், ஆனா வாங்கும்போது யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

அதனால் போகிறதுக்கு முன்னாடியே ஃபுல் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லுங்க. சார்ஜரைக் கழற்றி அரை மணி நேரம் கழித்து மல்டிமீட்டரை வைத்துப் பாருங்க. 41.5க்கு மேல் இருந்தால் நல்லது. பச்சை விளக்கு எரிந்த பிறகும் 40 தான் காட்டுகிறதா? ஏதோ ஒரு செல் வரிசை முதலில் நிரம்பி, பிஎம்எஸ் சார்ஜை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அடுத்து, பெடல் போடாமல் த்ராட்டிலில் மட்டும் 5 கிலோமீட்டர் ஓட்டுங்க, வழியில் ஒரு பாலமாவது இருக்கட்டும். 7.8 ஆம்பியர்-மணி பேக் என்றால் கொள்ளளவு சுமார் 280 வாட்-மணி. கிலோமீட்டருக்கு 12 முதல் 15 வாட்-மணி போனால் 5 கிலோமீட்டரில் கால்வாசிதான் தீர வேண்டும். நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து அளந்தால் 39 பக்கம் நிற்க வேண்டும். 37க்குக் கீழே என்றால் கொள்ளளவில் பாதி போயாச்சு.

"ரெண்டு வருஷமா ஓட்டவே இல்ல, புதுசு மாதிரி இருக்கு" என்பதுதான் எனக்குப் பிடிக்காத விளம்பரம். காலியான பேட்டரி மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் செல் வோல்ட்டேஜ் அபாயகரமாக இறங்கும். எதிர்மின்முனையின் தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்ப சார்ஜ் போடும்போது அந்தத் தாமிரம் உள்ளே படிந்து ஷார்ட் ஆகலாம். தினமும் ஓடிய வண்டியே மேல். கேஸைப் பிரித்து டேப் சுற்றிய பேக்கா? ஹாஸ்டல் ரூமில், தூங்கும் நேரத்தில் அதற்கு சார்ஜ் போடுவதை நினைத்துப் பாருங்க. வேண்டவே வேண்டாம்.

சார்ஜர் ஸ்டிக்கரையும் படிங்க. 36 வோல்ட் பேக்குக்கு 42 வோல்ட் அவுட்புட் வேண்டும். 48 வோல்ட் பேக்கின் 54.6 வோல்ட் சார்ஜருக்கும் அதே பின் இருக்கலாம். சுலபமாகப் பொருந்திவிடும், அதுதான் ஆபத்து.

இனி மடிப்பு. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்க. நடு கீலிலோ ஹேண்டில்பார் கீலிலோ 'டக் டக்' வந்தால், லாட்ச்சை இறுக்கிய பிறகும் நிற்கிறதா என்று பாருங்க. வெல்டிங் ஓரத்தைத் துடைத்து டார்ச் அடித்து விரிசல் தேடுங்க. எஃகு போல அலுமினியத்துக்கு ஃபட்டீக் லிமிட் கிடையாது, சின்னச் சின்னக் குலுக்கலும் கணக்கில் சேரும். வெப்பப் பதம் செய்த அலுமினியத்தை லோக்கலில் வெல்ட் வைத்தால் அந்த இடம் பலவீனமாகும். கீல் வழியாகப் போகும் ஒயர் நசுங்கியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. மடித்த வண்டியை ஒருமுறை தூக்கியும் பாருங்க. 20 கிலோ பக்கம் இருக்கும், ஸ்டேஷன் படிக்கட்டில் அதைத் தூக்கப் போவது நீங்கதான்.

"அன்லாக் பண்ணிருக்கு ப்ரோ, நாற்பதுல போகும்" என்றால் மயங்காதீங்க. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் வரைதான் ரெஜிஸ்ட்ரேஷனும் லைசென்ஸும் தேவையில்லை. தாண்டினால் சட்டப்படி அது மோட்டார் வாகனம்.

பேட்டரி மட்டும் சுமார் என்றால் புது பேக் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்க, பில்லில் உள்ள ஃபிரேம் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று சரிபாருங்க. கீல் விரிசல் விட்டிருந்தால் பேரமே வேண்டாம், பஸ் பிடித்துத் திரும்பி வந்துடுங்க.