வள்ளம் எழும்ப வேண்டுமா? விசிறியைப் பாருங்கள்!



வகுப்பில் நாம் தனித்தனியாகப் படிக்கும் திருகு, கியர், டார்க், குதிரைத்திறன் ஆகிய நான்கையும் ஒரே பொருளில் பார்க்க வேண்டுமானால், குளச்சல் கரைக்கோ முட்டம் கரைக்கோ போய், ஒரு ஃபைபர் வள்ளத்தின் அவுட்போர்டு எஞ்சினுக்குக் கீழே குனிந்து பாருங்கள். மூன்று இலைகளோடு ஒரு விசிறி இருக்கும். நாம் அதை 'புரோப்பல்லர்' என்று நோட்டில் எழுதுகிறோம். எஞ்சின் தரும் திறன் அத்தனையும் அந்த மூன்று இலைகள் வழியாகத்தான் தண்ணீருக்குப் போயாக வேண்டும். அது பொருந்தவில்லை என்றால், 40 குதிரைத்திறன் பூட்டியும் வள்ளம் ஆமை மாதிரிதான் நகரும்.

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக நானும் வகுப்புத் தோழர்கள் மூவரும் ஒரு தூண்டில் வள்ளத்தை எடுத்துக்கொண்டு, விசிறி மாற்றி மாற்றி அளந்து பார்த்தோம். அதில் கிடைத்த பாடத்தை, கணக்குக்குப் பயப்படுகிறவர்களுக்கும் புரியும்படி இங்கே சொல்ல முயல்கிறேன்.

எழும்புவது என்றால் என்ன?

வள்ளம் மெதுவாகப் போகும்போது தண்ணீரை இருபுறமும் ஒதுக்கிக்கொண்டு போகிறது. வேகம் கூடக்கூட, அணியத்தில் எழும் அலை நீண்டுகொண்டே வரும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் வள்ளத்தின் நீளமும் சமமாகிவிடும். அப்போது அணியம் மேலே தூக்கி, பின்பக்கம் பள்ளத்தில் அமர்ந்து, தான் உண்டாக்கிய அலையின் மேலேயே வள்ளம் ஏற வேண்டியதாகிவிடுகிறது.

இந்த வேகத்தை ஒரு சின்னக் கணக்கால் அறியலாம். தண்ணீரில் படும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கடல் மைல் என்று வந்துவிடும். நாங்கள் சோதித்த வள்ளம் 19 அடி. தண்ணீரில் படும் நீளம் 16 அடி. வர்க்கமூலம் 4. எனவே 4 × 1.34 = 5.36. ஏறக்குறைய ஐந்தரைக் கடல் மைல் வேகத்தில் மேடு தொடங்குகிறது. இந்த நீளத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கடல் மைல் வேகத்தைத் தொட்டால்தான் மேட்டைத் தாண்டி, தண்ணீரின் தூக்கு விசையால் உடல் மேலே வந்து வழுக்கி ஓடும். இதைத்தான் நூல்களில் 'பிளேனிங்' என்கிறார்கள்.

கப்பலின் அலைத்தடையை மாதிரி வைத்து அளந்து காட்டியவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1872-ல் டார்க்கீயில் அவர் அமைத்த சோதனைத் தொட்டியில் இந்த வேலை நடந்தது. எழும்பி ஓடும் படகுகளுக்கான கணக்கை டேனியல் சவிட்ஸ்கி 1964-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். இன்றும் வடிவமைப்பாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லா வள்ளமும் எழும்பாது. மொத்த எடையைக் குதிரைத்திறனால் வகுத்துப் பாருங்கள். ஒரு குதிரைத்திறனுக்கு 20 கிலோ பக்கம் என்றால் எழும்ப வாய்ப்பு உண்டு. 25-ஐத் தாண்டினால் சந்தேகம். நம் கரையில் 9.9 குதிரைத்திறன் எஞ்சினோடு பெரிய பாரம் ஏற்றிப் போகிற வள்ளங்களுக்கு எந்த விசிறி போட்டாலும் எழும்பாது. அவற்றுக்கு விட்டம் பெரிதாய், பிட்ச் சிறிதாய் உள்ள விசிறியே நல்லது. எங்கள் வள்ளத்தின் கணக்கு இது: உடல் 350, எஞ்சின் 75, எரிபொருள் 40, ஐஸும் தூண்டில் சாமான்களும் 140, மூன்று ஆட்கள் 195. ஆக 800 கிலோ. 40-ஆல் வகுத்தால் 20. எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை.

பிட்ச் - அதுதான் கியர்

விசிறியின் குமிழில் இரண்டு எண்கள் குத்தியிருக்கும். முதல் எண் விட்டம். இரண்டாவது எண் பிட்ச். ஒரு போல்ட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் நட்டுக்குள் எவ்வளவு முன்னேறுகிறதோ, அதேபோல விசிறி ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்தான் பிட்ச். 13 பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு 13 அங்குலம். ஆனால் தண்ணீர் இரும்பு நட்டு அல்லவே! கொஞ்சம் வழுக்கும். அந்த இழப்புக்கு 'ஸ்லிப்' என்று பெயர்.

பிட்ச் அதிகம் என்றால் டாப் கியர். குறைவு என்றால் கீழ் கியர். மலையேறும் பஸ்ஸை டாப் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ன ஆகும்? எஞ்சின் முக்கும், உதறும், பஸ் நகராது. அலைமேட்டின் அடியில் நிற்கும் வள்ளத்துக்கும் அதே கதிதான். எஞ்சினின் 40 குதிரைத்திறனும் 5000 ஆர்.பி.எம். பக்கத்தில்தான் கிடைக்கும். பிட்ச் கூடிய விசிறி எஞ்சினை 3600-லேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டால், மீதிக் குதிரைகள் லாயத்திலேயே நிற்கின்றன என்று அர்த்தம்!

இதில் வேகம் மட்டும் போவதில்லை. த்ராட்டில் முழுவதும் திறந்து, சுற்று ஏறாமல் மணிக்கணக்கில் ஓடும் எஞ்சினில் சூடு ஏறும், கரி படியும், கடைசியில் பிஸ்டன் பிடிக்கும். நாங்கள் எடுத்துக்கொண்ட வள்ளத்தில் ஒருமுறை அப்படியும் நடந்திருந்தது. அதன் உரிமையாளர் எங்களிடம் சொன்னது: "எஞ்சின் பத்தாது மக்கா. கடன் வாங்கியாவது அறுபது குதிரை எடுத்தாத்தான் சரிப்படும்." அப்படியென்றால் வீட்டு நகை அடகுக்குப் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். "அண்ணாச்சி, ஒரு மாசம் பொறுங்க, அளந்து பாத்துட்டுச் சொல்றோம்" என்று கேட்டுக்கொண்டோம்.

அளந்தது எப்படி?

தேவைப்பட்டவை நான்கே: ஒரு டாக்கோமீட்டர், ஜி.பி.எஸ். உள்ள செல்போன், ஸ்டாப் வாட்ச், ஒரு நோட்டு. டாக்கோமீட்டரின் வயரை ஸ்பார்க் பிளக் வயர் மேல் நான்கைந்து சுற்றுச் சுற்றினால் போதும், சுற்றைக் காட்டிவிடும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பொறி விடும் என்பதால், கருவியையும் அதற்கேற்பச் செட் செய்ய வேண்டும்.

காற்றும் நீரோட்டமும் ஏமாற்றும் என்பதால் ஒவ்வொரு ஓட்டத்தையும் போக ஒருமுறை, வர ஒருமுறை எடுத்துச் சராசரி கண்டோம். ஓட்டம் எல்லாம் முழுப் பாரத்தோடு. அடுத்து ஐஸும் சாமானும் ஓர் ஆளும் இறக்கிவிட்டு இலேசாக ஒருமுறை.

பழைய விசிறியில் எண் தேய்ந்து போயிருந்தது. அதற்கும் பட்டறை வழி இருக்கிறது. விசிறியைச் சமதளத் தட்டில் படுக்க வைத்து, மையத்திலிருந்து ஆரத்தின் 70 சதவீதத் தூரத்தில் இலையின் இரண்டு விளிம்புகளின் உயரத்தையும் அளக்க வேண்டும். விளிம்புகளுக்கிடையே உள்ள கோணம் 60 பாகை, உயர வித்தியாசம் 55 மி.மீ. வந்தது. ஒரு முழுச் சுற்று 360 பாகை. அதாவது ஆறு மடங்கு. 55 × 6 = 330 மி.மீ. சரியாக 13 அங்குலம்!

கணக்கும் கடலும்

சூத்திரம் இதோ:

ஸ்லிப் இல்லாத வேகம் = ஆர்.பி.எம். × பிட்ச் ÷ (கியர் விகிதம் × 1215)

1215 எங்கிருந்து வந்தது? ஒரு கடல் மைல் 1852 மீட்டர். அதை அங்குலமாக்கி 60 நிமிடத்தால் வகுத்தால் 1215. எங்கள் எஞ்சினின் கியர் விகிதம் 2. எனவே கீழே 2430 வரும். கையேட்டின்படி முழு த்ராட்டிலில் எஞ்சின் ஓட வேண்டிய எல்லை 4500 முதல் 5500 வரை.

13 பிட்ச், முழுப் பாரம்: சுற்று 3600-க்கு மேல் ஏறவில்லை. கணக்குப்படி 19.3 கடல் மைல் வர வேண்டும். செல்போன் காட்டியது 8. ஸ்லிப் ஏறக்குறைய 58 சதவீதம். எழும்பவே இல்லை.

13 பிட்ச், இலேசான பாரம்: எழும்பியது. சுற்று 4600, வேகம் 20.5.

11 பிட்ச், முழுப் பாரம்: 15 வினாடியில் எழும்பியது. சுற்று 4800, வேகம் 17.5. ஆனால் ஓர் ஐஸ்பெட்டி கூடுதலாக ஏற்றியதும் மேட்டிலேயே நின்றுவிட்டது.

10 பிட்ச், முழுப் பாரம்: 9 வினாடியில் எழும்பியது. சுற்று 5000. கணக்கு 20.6, உண்மை வேகம் 17. ஸ்லிப் சுமார் 17 சதவீதம். இலேசான பாரத்தில் சுற்று 5400, வேகம் 19.

இரண்டாவது வரியை மறுபடி படியுங்கள். காலி வள்ளத்தில் 13 பிட்ச்தான் வேகம்! "பெரிய நம்பர் போட்டா ஸ்பீடு" என்று விற்பவர் சொல்வது முழுப் பொய் அல்ல என்பது இப்போது விளங்கும். ஆனால் யாரும் காலி வள்ளத்தோடு தொழிலுக்குப் போவதில்லையே. போகும்போது ஐஸ், வரும்போது மீன்.

அப்படியானால் 9 பிட்ச் போட்டால் இன்னும் நன்றாக எழும்பாதா? எழும்பும். ஆனால் எழும்பி ஓடும் வள்ளத்தில் ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 சுற்று வரை கூடும் என்பது அனுபவக் கணக்கு. இலேசான பாரத்தில் 5400 என்பது 5550, 5600 ஆகிவிடும். எல்லை 5500. எஞ்சினை அமுக்குவது எவ்வளவு கெடுதலோ, அதிகமாகப் பறக்கவிடுவதும் அவ்வளவு கெடுதல். ஆகவே 10-ல் நிறுத்தினோம். 13-லிருந்து 10-க்கு வந்தபோது மட்டும் 1400 சுற்று கூடியதே என்று கேட்கலாம். மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற வள்ளம் அந்தப் பக்கம் போய்விட்டது, அதனால்தான். மேட்டில் நிற்கும் வள்ளத்துக்கு அந்த அனுபவக் கணக்கு செல்லாது.

பத்துக் கடல் மைல் போக முன்பு 75 நிமிடம். இப்போது 35 நிமிடம். எழும்பியபின் த்ராட்டிலைக் கொஞ்சம் குறைத்தாலும் வள்ளம் இறங்குவதில்லை. எரிபொருள் மிச்சம், ஏலத்துக்கு முன்னால் கரை. அறுபது குதிரைப் பேச்சு அத்தோடு நின்றது. செலவு ஒரு அலுமினிய விசிறி, அவ்வளவுதான்.

விசிறியைக் குறை சொல்லும் முன்

எழும்பாததற்கு வேறு காரணங்களும் உண்டு. டாக்கோமீட்டரைக் கேட்டால் அதுவே வழிகாட்டும்.

1. சுற்று குறைவு, வேகமும் குறைவு: பிட்ச் அதிகம், அல்லது எஞ்சினிலேயே கோளாறு. முதலில் பிளக்கையும் கார்புரேட்டரையும் பாருங்கள்.

2. சுற்று தாவுகிறது, வேகம் இல்லை: விசிறி காற்றை உறிஞ்சுகிறது, அல்லது குமிழுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது. விசிறிக்கு மேலே உள்ள தட்டு வள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ, ஓர் அங்குலம் மேலாகவோ இருக்க வேண்டும். எஞ்சின் மிக உயரத்தில் பூட்டியிருந்தால் காற்று வரும்.

3. அணியம் வானத்தைப் பார்க்கிறது: ஐஸ்பெட்டியையும் எரிபொருளையும் முன்னால் தள்ளுங்கள். எஞ்சின் சாய்வுப் பின்னை ஒரு துளை உள்ளே மாற்றுங்கள். இதற்குக் காசே வேண்டாம்.

4. அடியில் பாசியும் சிப்பியும்: சுரண்டிவிட்டுப் பிறகு அளங்கள். இலை விளிம்பு மடங்கியிருந்தால் அதையும் நேராக்க வேண்டும்.

விசிறியைக் கழற்றும்போது எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, பிளக் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இலையைச் சுற்றினால் எஞ்சின் பிடித்துக்கொள்ள ஒரு பொறி போதும். மாட்டியபின் காட்டர் பின்னை மறக்கக் கூடாது.

நான்கு இலை விசிறி பின்பக்கத்தைத் தூக்கி இன்னும் சீக்கிரம் எழுப்பும், உச்ச வேகம் சிறிது குறையும் என்கிறார்கள். எங்கள் கைச்செலவில் அது அடங்கவில்லை. நோட்டும், டாக்கோமீட்டரும், 13, 11, 10 பிட்ச் அளவுகளும் துறையில் இருக்கின்றன. அடுத்த ஆண்டு ப்ராஜெக்ட் தேடும் தம்பிகள் அதிலிருந்து தொடங்கலாம். கரையில் வள்ளம் தரத் தயாராக ஓர் அண்ணாச்சி இருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்க மட்டும் பழகிக்கொள்ளுங்கள்!

- இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்