கோழித் தீவனத்தில் எள்ளும் கருஞ்சீரகமும்

இலங்கையின் கோழித் தீவனத்துக்கு வேண்டிய சோயாப் பிண்ணாக்கிற் பெரும்பகுதி பிறநாடுகளிலிருந்தே வருகின்றது. 2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி குன்றியபோது தீவனம் அரிதாகி, கோழி வளர்ப்பைக் கைவிட்டோர் பலர். ஆதலால் எண்ணெய் ஆட்டியபின் எஞ்சும் எள்ளுப் பிண்ணாக்கையும், மணமிக்க கருஞ்சீரகப் பிண்ணாக்கையும் கமக்காரர் கருத்திற் கொள்ளல் நன்று. முன்னதில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கும், பின்னதில் 30 பங்கும் புரதம் உண்டு.

எனினும் இவற்றை மட்டும் நம்பிக் குஞ்சு வளர்த்தல் தவறு. தசை வளர்ச்சிக்கு இன்றியமையாத இலைசின் என்னும் அமினோவமிலம் இவற்றிற் குறைவு. மீனிலோ அது நிறைவு. தலைமன்னார்க் கரை வாடிகளில் ஒதுக்கப்படும் சிறுமீன்களும் மீன்தலைகளும் இக்குறையைத் தீர்க்கும். உப்பிட்ட கருவாடாயின் இருமுறை நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, நன்குலர்த்தி இடித்தல் வேண்டும். உப்பு மிகின் குஞ்சுகள் ஓயாது நீர் பருகிக் கழிந்து மடியும். பிண்ணாக்கின் மீது பழி விழுவதோ வேறு!

முட்டையிடும் ஊர்க்கோழிக்கு 10 கிலோ தீவனத்தில் எள்ளுப் பிண்ணாக்கு 1 கிலோவும் மீன்தூள் அரைக் கிலோவும் போதும். எஞ்சியது சோளமும் தவிடும். கருஞ்சீரகப் பிண்ணாக்குக் கிடைப்பின், தவிட்டிற் சிறிது குறைத்துக் கால் கிலோ அளவில் தொடங்குக. எள்ளின் தோல் சுண்ணாம்புச் சத்தைப் பிணித்துவிடும். ஆகவே சிப்பியோட்டுத் தூளைத் தனியே வைத்தல் வேண்டும். கடற்காற்றின் ஈரத்தாற் பூஞ்சணம் பற்றிய பிண்ணாக்கை எக்காரணம் கொண்டும் இடலாகாது.