அத்திவாரக் கல்லின் ஒளி

புளியங்குளத்தில் எங்கள் வீட்டு அத்திவாரத்துக்குக் கருங்கல் பறித்திருந்தார்கள். தம்பி அந்தக் குவியலில்தான் விளையாடுவான். "கல்லில இருந்து கதிர் வருதாம், பிள்ளைக்குக் கூடாதாம்" என்று யாரோ சொல்ல, உம்மா பயந்துவிட்டார். விடுமுறைக்குப் போயிருந்த என்னிடம் கேட்டார். "சும்மா கதை உம்மா, கல்லில கதிர் ஏது?" என்றேன். விடுதிக்குத் திரும்பிப் பௌதிகவியல் படித்தபோதுதான் நான் சொன்னது பிழை என்று விளங்கியது.

வவுனியாப் பகுதியின் அடியில் இருப்பவை 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பாறைகள். புவிச்சரிதவியலாளர் அவற்றை வன்னித் தொகுதி என்பர். இத்தகைய கற்களில் இளஞ்சிவப்பாகத் தெரியும் பெல்ஸ்பார் கனியத்தில் பொற்றாசியம் உண்டு. இயற்கைப் பொற்றாசியத்தின் 10,000 அணுக்களில் ஏறத்தாழ ஒன்று பொற்றாசியம்-40. அது கதிர்த்தொழிற்பாடுடையது. அதன் அரைவாழ்வுக்காலம் 125 கோடி ஆண்டுகள்.

தேய்வடையும் 100 கருக்களில் ஏறக்குறைய 89 ஓர் இலத்திரனை வெளியே வீசிக் கல்சியமாகின்றன. மற்றைய 11 இதற்கு எதிராக நடக்கின்றன. கரு, தன்னைச் சுற்றும் இலத்திரன் ஒன்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரு புரோத்தன் நியூத்திரனாகிறது, ஒரு நியூத்திரினோ வெளியேறுகிறது, பொற்றாசியம் ஆகனாகிறது. இதுவே இலத்திரன் கவரல். 1937இல் அல்வாரெஸ் இதனைப் பரிசோதனையில் கண்டார். நாம் சுவாசிக்கும் வளியில் ஏறத்தாழ 1 சதவீதம் ஆகன். அதில் மிகப் பெரும்பகுதி இப்படிப் பிறந்ததே.

இலத்திரனை இழுப்பதால் ஒளி எப்படி வரும்? மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, புதிய ஆகன் கரு அருட்டிய நிலையில் இருக்கும். அது அமைதியடையும்போது 1.46 மெகா இலத்திரன்வோற்றுச் சத்தியுள்ள காமாப் போட்டனை வெளிவிடும். இரண்டாவது, இழுக்கப்பட்ட இலத்திரனின் இடம் வெறுமையாகும். வெளி ஓட்டிலிருந்து வேறொன்று அங்கே விழும்போது சிலவேளை மெல்லிய எக்ஸ் கதிர் வரும். மூன்றாவது மிக அரிது. கவரல் நிகழும் அதே கணத்தில், நியூத்திரினோவுக்குரிய சத்தியில் ஒரு பங்கை ஒரு போட்டன் எடுத்துச் செல்லும். மொரிசனும் சிஃபும் 1940இல் இதனைக் கணக்கிட்டனர்.

அப்படியானால் தம்பிக்கு ஆபத்தா? 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 140 கிராம் பொற்றாசியம் உண்டு. அதிலிருந்து ஒவ்வொரு செக்கனும் 400க்கும் மேற்பட்ட காமாப் போட்டன்கள் பிறக்கின்றன. உம்மாவின் மடியில் தூங்கும்போதும் தம்பிமீது அந்த ஒளி படுகிறது. கல்லில் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு உள்ளன. இயற்கைக் கதிர்ப்பால் மனிதர் பெறும் அளவு, உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேட். உடலுக்குள் இருக்கும் பொற்றாசியத்தின் பங்கு அதில் ஏறத்தாழ 0.17 மட்டுமே. இத்தகைய கதிர்ப்புக்குள்தான் மனிதகுலம் என்றும் வாழ்ந்து வந்திருக்கிறது.

அன்றிரவே தொலைபேசியில் சொன்னேன்: "நான் சொன்னது பிழை உம்மா. கல்லில கதிர் இருக்கு. உங்களிலயும் இருக்கு, என்னிலயும் இருக்கு. அதுக்குப் பயப்பட வேணாம். குவியல் சரிஞ்சு தம்பிட கால்ல விழாமப் பாருங்க."

உம்மா சிரித்தார். தோழியரே, பயத்தைப் போக்க "இல்லை" என்பது இலகு. "இருக்கிறது, இவ்வளவுதான்" என்று சொல்வதற்குத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.