காப்பீட்டு நிறுவனம் நொடித்தால் பாலிசியை என்ன செய்வது?

காப்பீட்டு நிறுவனம் ஆட்டம் காண்கிறது என்று செய்தி வந்ததும் பலர் பிரீமியம் கட்டுவதை நிறுத்துகிறார்கள். வேறு சிலர் கிடைத்தவரை லாபம் என்று பாலிசியை சரண்டர் செய்கிறார்கள். ஆயுள் காப்பீட்டில் இரண்டும் தவறு. நிறுவனம் நொடித்தால் இழப்பு வரலாம், வராமலும் போகலாம். அவசரப்பட்டால் இழப்பு நிச்சயம்.

முதலில், நொடித்தது யார் என்று பாருங்கள். 2021 நவம்பரில் ரிலையன்ஸ் கேப்பிட்டலின் இயக்குநர் குழுவை ரிசர்வ் வங்கி அகற்றி நிர்வாகியை நியமித்தபோது, அதன் கீழிருந்த காப்பீட்டு நிறுவனங்கள் தொடர்ந்து இயங்கின. தாய் நிறுவனம் விழுந்தாலே பாலிசியும் விழுந்துவிடாது. எல்.ஐ.சி. பாலிசி என்றால் கவலையே வேண்டாம்: 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி காப்புத்தொகைக்கும் போனஸுக்கும் மத்திய அரசு உத்தரவாதம் தருகிறது. மற்ற நிறுவனங்களுக்கு, அவற்றின் இணையதளத்தில் காலாண்டுதோறும் வெளியாகும் சால்வென்சி விகிதத்தை (பொறுப்புகளைத் தீர்க்கும் நிதித் திறனின் அளவு) பாருங்கள். குறைந்தது 150 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி.

இனி சிக்கலான இடம். மூழ்கும் நிறுவனத்தில் மேலும் பணம் போடுவதா என்ற கேள்வி நியாயமானதுதான். வங்கி வைப்புத்தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு இருப்பதுபோல் இந்தியாவில் பாலிசிக்குத் தனி உத்தரவாத நிதி கிடையாது என்பதும் உண்மை. ஆனால் இங்கே பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது: கஜானா காலியாகும்வரை காத்திராமல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. முன்கூட்டியே தலையிடலாம், நிர்வாகியை நியமிக்கலாம், பாலிசிகளை வேறு நிறுவனத்துக்கு மாற்ற உத்தரவிடலாம். சஹாரா லைஃப் விஷயத்தில் அதுதான் நடந்தது. 2017 ஜூனில் நிர்வாகி வந்தார். 2023 ஜூன் 2 அன்று, சுமார் 2 லட்சம் பாலிசிகளின் பொறுப்பை, பாலிசிதாரர்களுக்குரிய சொத்துகளோடு சேர்த்து எஸ்.பி.ஐ. லைஃப் ஏற்க உத்தரவானது. அதே மாதம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதற்குத் தடை விதித்தது. இப்படி ஆண்டுக்கணக்கில் இழுபடும் காலத்தில்தான் மக்கள் பொறுமை இழக்கிறார்கள். பிரீமியம் நின்று, சலுகைக் காலமும் தாண்டினால் (மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள்) பாலிசி காலாவதியாகும். காலாவதியான டேர்ம் பாலிசியை எந்தப் புதிய நிறுவனம் ஏற்றுக்கொண்டாலும் குடும்பத்துக்கு ஒன்றும் வராது. வேறு பாலிசி எடுக்கலாமே என்பார்கள். இப்போதைய வயதுக்குரிய கூடுதல் பிரீமியம், புதிய மருத்துவப் பரிசோதனை, அதன்பின் கிளைமைக் கேள்வி கேட்க நிறுவனத்துக்கு உரிமையுள்ள மூன்று ஆண்டுகள் என எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அப்படியும் மாற விரும்பினால், புதிய பாலிசி கைக்கு வந்த பிறகுதான் பழையதை விட வேண்டும். இதில் விதிவிலக்கே கூடாது.

மருத்துவக் காப்பீட்டில் கணக்கு வேறு. ஓராண்டு ஒப்பந்தம் என்பதால் அங்கே காத்திருக்கத் தேவையில்லை. புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளாவது முன்பு போர்ட்டபிலிட்டிக்கு (வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கு) விண்ணப்பித்தால், ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் புதிய நிறுவனத்திலும் கணக்கில் வரும். வாகனக் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது மாற்றிக்கொண்டால் போதும்.

பிரீமியம் ரசீதுகள், பாலிசிப் பத்திரம், நாமினி விவரம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வங்கியிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நிலுவைக் கிளைமை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நிறுவனத்திடம் கொடுத்த புகாருக்கு ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது.